ஆறில் ஒரு பங்கு வீடு

பார்பி பொம்மையின் உயரம் பதினொன்றரை அங்குலம். சென்டிமீட்டரில் சொன்னால் 29. 1959 மார்ச் 9ஆம் தேதி நியூயார்க் பொம்மைக் கண்காட்சியில் மேட்டல் நிறுவனம் அவளை முதன்முதலாகக் காட்டியபோது இருந்த உயரம் அது. 2016இல் நெட்டை, குட்டை, பருமன் என்று மூன்று உடல்வாகுகள் புதிதாக வந்த பிறகும் அடிப்படைப் பொம்மையின் உயரம் மாறவில்லை. ஆறால் பெருக்கிப் பாருங்கள்: ஐந்தே முக்கால் அடி வருகிறது, நல்ல வளர்த்தியான ஒரு பெண்ணின் உயரம். அதனால்தான் இதை ‘ஆறில் ஒரு பங்கு’ அளவு என்கிறார்கள். பொம்மைக்குச் சட்டை தைப்பவர்களுக்கு இது கைக்கு அடக்கமான அளவு. அதற்கு வீடு கட்டுகிறவர்களுக்குப் பெரிய சிக்கல். அந்த வீட்டை விலை கொடுத்து வாங்கி, பாகம் பாகமாகப் பூட்டி, கூடத்தில் இடம் ஒதுக்கித் தருகிற பெற்றோருக்கு அதைவிடப் பெரிய சிக்கல்.

பார்பியைப் பற்றி உலகம் நிறையப் பேசிவிட்டது. இடுப்பளவு, தோல் நிறம், அவள் பார்க்கும் வேலைகள் என்று அறுபது ஆண்டுகளுக்கும் மேலாக விவாதம் ஓய்ந்தபாடில்லை. அவளுடைய வீட்டையும் காரையும் பற்றிய பேச்சு குறைவு. ஆனால் இந்தப் பொம்மை புழங்குகிற வீடுகளில் பெற்றோரைக் கேட்டால், பொம்மையைப் பற்றி இரண்டு வாக்கியம் சொல்வார்கள், பொம்மை வீட்டைப் பற்றி அரை மணி நேரம் பேசுவார்கள். பொம்மையைக் குழந்தை பார்த்துக்கொள்கிறது. வீடு பெற்றோரின் பொறுப்பில் வந்து விழுகிறது. அதில் அவர்களுக்குக் கிடைக்கும் மகிழ்ச்சி, அலுப்பு, அச்சம் ஆகிய எல்லாவற்றுக்கும் வேர் அந்த ஆறில் ஒரு பங்கு என்ற கணக்கில் இருக்கிறது. இந்தப் பேச்சு அந்த வேரைத் தேடித்தான் போகிறது.

முதலில் கணக்கைப் போட்டுவிடுவோம். பத்தடிக்குப் பத்தடி அறையை ஆறில் ஒரு பங்காகச் சுருக்கினால் 20 அங்குலத்துக்கு 20 அங்குலம். கூரையும் 20 அங்குல உயரத்தில் இருக்க வேண்டும். மூன்று மாடி என்றால் ஐந்தடி உயரம். மாடிக்கு இரண்டு அறை வைத்தால் அகலம் மூன்றடியைத் தாண்டுகிறது. குழந்தைக்கு வாங்கித் தரும் விளையாட்டுச் சாமான், துணி பீரோவை நெருங்கிவிடுகிறது.

இங்கிலாந்தின் வின்ட்சர் கோட்டையில் ராணி மேரிக்காகச் செய்த பொம்மை வீடு ஒன்று இருக்கிறது. புது தில்லியின் குடியரசுத் தலைவர் மாளிகையை வடிவமைத்த எட்வின் லட்யன்ஸ் வடிவமைத்தது, 1924இல் முடிந்தது. அதில் குழாயைத் திறந்தால் தண்ணீர் வரும், விளக்கு எரியும், லிஃப்ட் ஏறி இறங்கும், கீழே கராஜில் கார்கள் நிற்கும். அதன் அளவு பன்னிரண்டில் ஒரு பங்கு, அதாவது பார்பி உலகத்தில் பாதி. அப்படியும் அதன் உயரம் ஏறக்குறைய ஐந்தடி. அதே வீட்டைப் பார்பியின் அளவுக்குக் கட்டினால் பத்தடி உயரத்துக்கு எழும்பி, சாதாரண வீட்டின் கூரையை முட்டும். ஆகவே பார்பிக்கு வீடு செய்கிறவர்கள் எங்காவது விட்டுக்கொடுத்தே ஆக வேண்டும். எதை விட்டுக்கொடுத்தார்கள் என்பதுதான் இந்தப் பொம்மை வீடுகளின் வரலாறு.

1962இல் ‘ட்ரீம்ஹவுஸ்’ என்ற பெயரில் வந்த பார்பியின் முதல் வீடு விட்டுக்கொடுத்தது மாடிகளையும் அறைகளையும். முழுக்க அட்டையால் ஆன ஒரே அறை. பெட்டி போல மடித்து மூடிவிடலாம். உள்ளே ஒற்றைக் கட்டில், சோபா, தொலைக்காட்சி, புத்தக அலமாரி, சுவரில் கல்லூரிக் கொடிகள். அடுப்படி கிடையாது. அமெரிக்காவில் ஒரு பெண் திருமணமானவளா இல்லையா என்று பார்க்காமல் அவளுக்குக் கடன் வழங்க வேண்டும் என்ற சமவாய்ப்புக் கடன் சட்டம் 1974இல்தான் வந்தது. அதற்குப் பன்னிரண்டு ஆண்டுகள் முன்பே தனியாளாக, புத்தகங்களோடு, தன் பெயரில் ஒரு வீடு வைத்திருக்கும் பெண்ணைக் குழந்தைகளின் கையில் கொடுத்திருக்கிறார்கள். இதை எல்லோரும் எடுத்துச் சொல்வார்கள்; சொல்ல வேண்டியதும்தான். ஆனால் ஒரு தாயின் பார்வையில் அந்த வீட்டின் பெரும் சிறப்பு வேறு: விளையாடி முடித்ததும் மடித்துக் கட்டிலுக்கு அடியில் தள்ளிவிடலாம். பின்னால் வந்த எத்தனையோ பிளாஸ்டிக் மாளிகைகளுக்கு இந்தக் குணம் வாய்க்கவில்லை.

1974இல் டவுன்ஹவுஸ் வந்தது. மூன்று மாடி, ஆறு அறை. கயிற்றை இழுத்தால் ஏறி இறங்கும் மஞ்சள் நிற லிஃப்ட். இந்த வீடு விட்டுக்கொடுத்தது ஆழத்தை. சுவருக்குச் சுவர் ஜன்னலும் செடியும் அலமாரியும் படமாக அச்சிட்டிருந்தார்கள். பொம்மை நிற்க ஒரு தட்டு அகலம் மட்டும் இருந்தது. முன்பக்கத்தில் சுவரே இல்லை. அது ஏன் என்று குழந்தையின் கையைப் பார்த்தால் புரியும். பொம்மை ஆறில் ஒரு பங்காகச் சுருங்கியிருக்கிறது; அதை நகர்த்துகிற கை சுருங்கவில்லை. நாலு பக்கமும் சுவர் எழுப்பினால் அந்தக் கை உள்ளே நுழையாது. 1979இல் வந்த முக்கோணக் கூரை வீட்டில் கதவும் ஜன்னலும் உண்மையாகவே திறந்தன, அறைகளை இடம் மாற்றி அடுக்கவும் முடிந்தது. கட்டுகிற வேலையில் குழந்தைக்கும் பங்கு கொடுத்த வீடு அது. அந்த ஒரு காரணத்துக்காகவே ட்ரீம்ஹவுஸ் வரிசையில் ஆகச் சிறந்தது என்று அதைச் சொல்லலாம்.

2018இல் வந்த வீடு உயரத்தை விட்டுக்கொடுத்தது. மூன்று மாடி, எட்டு அறை, லிஃப்ட், நீச்சல் குளம், சறுக்கு. மொத்த உயரம் ஏறக்குறைய மூன்றடி, விரித்து வைத்தால் அகலம் நாலடி. மூன்றடியை மூன்று மாடிக்குப் பிரித்தால் மாடிக்கு 12 அங்குலம். பொம்மையோ பதினொன்றரை. தலைக்கு மேல் அரை அங்குலம்! மனிதக் கணக்கில் தலைக்கு மேல் மூன்று அங்குலத்தில் கூரை. கிரெட்டா கெர்விக் இயக்கிய 2023ஆம் ஆண்டு ‘பார்பி’ திரைப்படத்துக்கு அரங்கம் அமைத்த சாரா கிரீன்வுட் குழுவினர் இந்த நெருக்கத்தைக் கூர்ந்து பார்த்திருக்கிறார்கள். அதில் வரும் வீடுகளும் காரும் மனித அளவைவிட 23 சதவீதம் சிறியவையாகச் செய்யப்பட்டன. அதனால் நடிகை தன் வீட்டுக்குள் நிற்கும்போது, பொம்மை வீட்டுக்குள் பொம்மை நிற்பது போலவே கொஞ்சம் பெரியவளாகத் தெரிகிறார்.

இனி, பெட்டியைத் திறக்கிற நேரம்.

பெட்டியின் மேல் ‘பெரியவர்கள் பூட்டித் தர வேண்டும்’ என்று அச்சிட்டிருக்கும். அமெரிக்காவில் இந்த வேலை பெரும்பாலும் கிறிஸ்துமஸுக்கு முந்தின இரவில், குழந்தை தூங்கிய பிறகு நடக்கிறது. திருப்புளி ஒரு கையில், படம் போட்ட தாள் மறு கையில். பெற்றோர் திரும்பத் திரும்பச் சொல்கிற குறைகளில் முதலிடம் ஸ்டிக்கருக்கு. சுவரில் தெரியும் படம், அடுப்பின் முகப்பு என்று பல நுணுக்கங்கள் ஸ்டிக்கராகவே வருகின்றன. கோணலாக ஒட்டினால் கோணலாகவே நிற்கும். அடுத்தது, ‘டக்’ என்று மாட்டிக்கொள்ளும் பிளாஸ்டிக் கொக்கிகள். ஒரு முறை மாட்டிவிட்டால் கழற்றுவது கடினம், பலவந்தம் செய்தால் முறியும். பூட்டிய வீடு திரும்ப அந்தப் பெட்டிக்குள் போகாது. வீடு மாறும்போது இதை எப்படித் தூக்கிப் போவது என்பதை வாங்குகிற அன்று யாரும் யோசிப்பதில்லை.

இவற்றையெல்லாம் சொல்லிவிட்டு அதே பெற்றோர் லிஃப்டைப் பற்றிச் சொல்லும்போது முகம் மலர்கிறார்கள். மொத்த வீட்டிலும் குழந்தைகள் அதிகம் கை வைக்கிற இடம் அதுதான். பொம்மை ஏறும், பொம்மையின் நாய் ஏறும், அப்பாவின் சாவிக்கொத்து ஏறும். தம்பியின் லாரி, சாப்பிடாமல் ஒளித்து வைத்த பிஸ்கட் எல்லாம் ஏறும். எல்லாவற்றுக்கும் முன்னால் கெட்டுப்போவதும் லிஃப்ட்தான். பேட்டரி போட்டால் பாட்டுப் பாடுகிற, விளக்கு மின்னுகிற பாகங்கள் முதல் வாரத்தோடு அலுத்துவிடுவதைப் பல பெற்றோர் கவனித்திருக்கிறார்கள். கையால் இயக்குகிற எளிய பொறி அலுப்பதில்லை. ஏறுவது யார், எந்த மாடிக்கு, எதற்காக என்பதைக் குழந்தையே முடிவு செய்கிறது. பாட்டுப் பாடுகிற பொத்தான் ஒரே பாட்டைத்தான் பாடும்.

அளவு விஷயத்தில் குழந்தைகளுக்குப் பெருந்தன்மை அதிகம். கொலுப்படியில் செட்டியார் பொம்மைக்குப் பக்கத்தில் அவரைவிடப் பெரிய பிளாஸ்டிக் வாத்து நிற்பதையும், கொலுவில் அமைக்கும் பார்க்கில் யானையைவிடப் பெரிய கார் ஓடுவதையும் நாம் ஒப்புக்கொள்கிறோம் அல்லவா? அதே போலத்தான் அவர்கள் விளையாட்டும். இதைப் புரிந்துகொண்ட பெற்றோர் மாளிகை வாங்குவதை விட்டுவிட்டுப் புத்தக அலமாரியைக் காலி செய்து கொடுக்கிறார்கள். சாதாரண அலமாரியில் தட்டுக்குத் தட்டு ஓரடி அல்லது அதைவிடச் சற்றுக் கூடுதல் இடைவெளி இருக்கும். பார்பி நிமிர்ந்து நிற்க அது போதும். நாலு தட்டு என்றால் நாலு மாடி. சுவருக்குப் பழைய காலண்டர் தாள், கட்டிலுக்குச் செருப்புப் பெட்டி. ஓரடிக்கு ஒரு மாடி என்ற கணக்கில் விலையுயர்ந்த வீடும் இந்த அலமாரியும் ஒன்றுதான்.

கார்களுக்கு வருவோம். பார்பியின் முதல் கார் 1962இல் வந்தது. ஆஸ்டின்-ஹீலி என்ற பிரிட்டிஷ் இரட்டை இருக்கை ஸ்போர்ட்ஸ் கார், இர்வின் என்ற நிறுவனம் செய்தது, பவழ நிறம். 1976இல் கார்வெட் என்ற கார் வந்தது. உண்மைக் காரைச் சரியாக ஆறில் ஒரு பங்காக்கினால் இரண்டடிக்கு மேல் நீளம் வரும். கடையில் கிடைக்கிற கார்கள் பெரும்பாலும் ஒன்றரை அடிக்குள் அடங்கிவிடுகின்றன. குறைத்த நீளம் எங்கே போயிற்று? பொம்மையின் காலில்தான் தேட வேண்டும். விலை குறைந்த பார்பிக்கு முழங்கால் மடங்காது. இடுப்பில் மட்டும் மடங்கும். உட்கார்ந்தால் கால் இரண்டும் நேராக நீட்டிக்கொண்டிருக்கும். எனவே காரின் தளத்தை என்ஜின் இருக்க வேண்டிய இடம் வரைக்கும் குடைந்துவிடுகிறார்கள். கூரை இல்லாத கார்களே அதிகம் என்பதற்கும் காரணம் இருக்கிறது: மேலிருந்து கை நுழைய வேண்டும், நீண்ட கூந்தல் கதவிடுக்கில் சிக்கக் கூடாது, கூட வருகிற ஆண் பொம்மை கென் பார்பியைவிட உயரம். கதவு திறக்குமா என்று பெட்டியைப் பார்த்து உறுதி செய்துகொள்ளாமல் வாங்கினால், வீட்டுக்கு வந்ததும் குழந்தை கேட்கிற முதல் கேள்வி ‘கதவு ஏன் திறக்கல?’ என்பதுதான்.

வண்டியே வீடாக விரிகிற பொம்மைகள் இடச் சிக்கலுக்குக் கிடைத்த நல்ல விடை. 1970களின் தொடக்கத்தில் வந்த கேம்பர் வேனின் பக்கவாட்டில் கூடாரம் விரியும். இன்று விற்கிற ஆம்புலன்ஸின் பக்கத்தைத் திறந்தால் ஒரு சின்ன மருத்துவமனையே விரிகிறது. 1962இன் அட்டை வீட்டில் இருந்த மடக்குகிற குணம் இந்த வண்டிகளில் பிழைத்திருக்கிறது. இடம் குறைந்த வீடுகளில் மாளிகையைவிட இவை நெடுநாள் தங்குவதற்கு அதுவே காரணம்.

அளவைச் சுருக்கியதன் விலையை ஒரு பொம்மை கொடுக்க நேர்ந்தது. 1997 மே மாதம் மேட்டல் நிறுவனம் பெக்கி என்ற பொம்மையைச் சக்கர நாற்காலியில் அமர்த்தி வெளியிட்டது. பார்பியின் தோழி. மாற்றுத் திறனாளிக் குழந்தைகளின் பெற்றோர் மனம் நிறைந்து வாங்கினார்கள். வீட்டுக்குக் கொண்டுவந்து பார்த்தால், சக்கர நாற்காலி ட்ரீம்ஹவுஸின் லிஃப்டுக்குள் நுழையவில்லை. அமெரிக்காவின் வாஷிங்டன் மாநிலத்தில் பள்ளியில் படித்துக்கொண்டிருந்த, தானும் சக்கர நாற்காலி பயன்படுத்துகிற ஒரு பெண் அதைச் சுட்டிக்காட்டினாள். செய்தி நாடெங்கும் பரவியது. இனி வரும் வீடுகளில் சரிசெய்வோம் என்று நிறுவனம் சொன்னது.

சக்கர நாற்காலியோடு ஒரு சாய்தளத்தையும் சேர்த்துப் புதிய பார்பி வந்தது 2019இல். நாற்காலியில் அமர்ந்த பொம்மையோடு ஏறி இறங்கும் லிஃப்டும் அந்தக் காலத்து வீடுகளில் வந்தது. இருபது ஆண்டுகளுக்கு மேல்! ஐந்து வயதில் பெக்கியை வாங்கிய குழந்தை அதற்குள் வளர்ந்து ஆளாகிவிட்டாள். தன் பொம்மை தோழியின் வீட்டுக்குள் போக முடியாது என்பதை ஒரு குழந்தைக்கு விளக்கிச் சொல்ல வேண்டிய பொறுப்பு அத்தனை ஆண்டுகளும் பெற்றோர் தலையில் இருந்தது. அந்தக் குழந்தைகள் உண்மை உலகத்தில் தினமும் சந்திக்கிற தடை, விளையாட்டிலும் வந்து நின்றது. அலமாரித் தட்டும் செருப்புப் பெட்டியும் கொண்டு தாங்களே சாய்தளம் செய்து கொடுத்த பெற்றோரை இந்த இடத்தில் மதிப்போடு நினைக்கத் தோன்றுகிறது.

இடப் பிரச்சினைக்கு இன்னொரு வழியும் இருந்தது: பொம்மையையே சிறிதாக்குவது. இங்கிலாந்தில் கிறிஸ் விக்ஸ் என்பவர் 1983இல் தன் மகளுக்காக முகப்பவுடர் டப்பா ஒன்றுக்குள் ஒரு குட்டி வீட்டை அமைத்தார். 1989இல் ஸ்விண்டன் நகரத்தின் புளூபேர்ட் டாய்ஸ் நிறுவனம் அதைப் பாலி பாக்கெட் என்ற பெயரில் விற்பனைக்குக் கொண்டுவந்தது. பொம்மையின் உயரம் ஓர் அங்குலத்துக்கும் குறைவு. வீடு சட்டைப்பைக்குள் அடங்கியது. ரயிலிலும் மருத்துவமனை வரிசையிலும் விளையாடலாம். பெற்றோருக்கு இதைவிட நிம்மதியான பொம்மை வீடு இருக்க முடியாது என்று தோன்றியது.

ஆனால் பெரிய பொம்மை கூடத்துக்குச் சிக்கல் என்றால், சின்னப் பொம்மை குழந்தையின் வாய்க்குச் சிக்கல். 1998இல் மேட்டல் புளூபேர்டை வாங்கியது. அதன் பிறகு பாலி கொஞ்சம் வளர்ந்தாள். உடையும் அணிகளும் கழன்று விழாமல் ஒட்டிக்கொள்ளச் சில பெட்டிகளில் குட்டிக் காந்தங்களைப் பதித்தார்கள். அவை பெயர்ந்து வந்தன. ஒரு காந்தத்தை விழுங்கினால் அது பெரும்பாலும் தானாக வெளியேறிவிடும். இரண்டை விழுங்கினால் குடலின் வெவ்வேறு மடிப்புகளில் இருந்தபடி ஒன்றையொன்று இழுத்து, நடுவில் சிக்கிய குடற்சுவரைத் துளைத்துவிடும். அறிகுறியோ சாதாரண வயிற்றுவலி, வாந்திதான். 2006 நவம்பரில் அமெரிக்காவில் சுமார் 24 லட்சம் பாலி பாக்கெட் காந்தப் பெட்டிகளைத் திரும்பப் பெற்றார்கள். அதற்குள் மூன்று குழந்தைகளுக்குக் குடலில் துளை விழுந்து அறுவை சிகிச்சை நடந்திருந்தது. 2007இல் இந்தத் திரும்பப் பெறுதல் மேலும் பல லட்சம் பெட்டிகளுக்கு நீண்டது.

எதிர்த்திசையில் போன வண்டியும் உண்டு. பவர் வீல்ஸ் என்பது குழந்தையே ஏறி ஓட்டுகிற பேட்டரி வண்டி. பார்பி ஜீப்பும் அந்த வரிசையில் வந்தது. 1998 அக்டோபரில் மேட்டலின் துணை நிறுவனமான ஃபிஷர்-பிரைஸ் சுமார் 1 கோடி பவர் வீல்ஸ் வண்டிகளைத் திரும்பப் பெற்றது. மின் இணைப்புகள் சூடேறி உருகின. ஏறக்குறைய 150 தீ விபத்துகள் பதிவாகியிருந்தன. பேட்டரியை உடனே கழற்றிவிடுங்கள் என்று பெற்றோருக்கு அறிவித்தார்கள். ஆபத்து தெரிந்தும் உரிய நேரத்தில் அரசுக்குத் தெரிவிக்கவில்லை என்ற குற்றச்சாட்டில் அந்த நிறுவனம் 2001இல் 11 லட்சம் டாலர் அபராதம் செலுத்தியது. கராஜில் நின்ற வண்டி புகைந்ததைப் பார்த்து முறையிட்ட பெற்றோர் இல்லாமல் இது வெளியே வந்திருக்காது.

இவ்வளவு பாடுபட்டு வீடும் வண்டியும் எதற்கு? விடை ஓரளவு கிடைத்திருக்கிறது. வேல்ஸில் உள்ள கார்டிஃப் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 4 முதல் 8 வயது வரையிலான 33 குழந்தைகள் பார்பி பொம்மைகளோடும் அவற்றின் வீட்டுச் சாமான்களோடும் விளையாடும்போது மூளைச் செயல்பாட்டைப் பதிவு செய்து 2020இல் வெளியிட்டார்கள். பிறர் மனத்தை அறிந்துகொள்ளும் வேலையில் ஈடுபடுகிற மூளைப் பகுதி, குழந்தை தனியாகப் பொம்மையோடு விளையாடும்போதும் செயல்பட்டது. தனியாக டேப்லெட்டில் விளையாடியபோது அந்தச் செயல்பாடு குறைவு. ஆய்வுக்குப் பணம் தந்தது மேட்டல் என்பதையும் சேர்த்தே சொல்ல வேண்டும். அமெரிக்காவின் டொலீடோ பல்கலைக்கழகத்தில் 2018இல் வெளியான இன்னோர் ஆய்வு 36 சிறு குழந்தைகளைக் கவனித்தது. 16 பொம்மைகளுக்கு நடுவில் இருந்ததைவிட 4 பொம்மைகள் மட்டும் இருந்தபோது குழந்தைகள் ஒவ்வொன்றோடும் நெடுநேரம், பல விதமாக விளையாடினார்கள். அவர்கள் இரண்டு வயதை ஒட்டியவர்கள். ட்ரீம்ஹவுஸ் வாங்குகிற வயது அல்ல. இருந்தும் எழுபது எண்பது துண்டுகளோடு வரும் வீட்டில் பாதித் துண்டுகளைப் பரணில் எடுத்து வைத்து, மாதத்துக்குக் கொஞ்சமாக வெளியே எடுக்கிற பெற்றோரின் பழக்கத்துக்கு அது வலுச் சேர்க்கிறது.

இந்தியாவில் வாங்குகிறவர்களுக்கு ஒரு சட்டத் துணை இருக்கிறது. 2021 ஜனவரி 1 முதல், 14 வயதுக்கு உட்பட்டோருக்கான பொம்மைகளுக்கு ஐ.எஸ்.ஐ. முத்திரை கட்டாயம். அந்த முத்திரை இல்லாத மலிவான பொம்மை வீடுகள் நடைபாதைக் கடைகளில் கிடைத்தால், சாயத்தில் என்ன கலந்திருக்கிறது என்று கேட்க ஆளில்லை. அதோடு ஓர் அளவுநாடாவும் எடுத்துக்கொள்ளுங்கள். வீட்டை வைக்கப்போகும் இடத்தை மட்டும் அளந்தால் போதாது. லிஃப்டின் அகலத்தையும் மாடியின் உயரத்தையும் பார்த்து, வீட்டில் ஏற்கெனவே இருக்கிற பொம்மைகள் உள்ளே போகுமா என்று கணக்கிட வேண்டும்.

வெளிநாட்டு உறவினர் கொடுத்தனுப்பும் பழைய வீடுகளில் இன்னும் கவனம் தேவை. 2007 செப்டம்பரில் பார்பி வீட்டுச் சாமான்களிலேயே நாய் வீடு, பூனை வீடு, சாப்பாட்டு மேசை போன்ற சில பொருள்கள் ஈயம் கலந்த சாயத்துக்காகத் திரும்பப் பெறப்பட்டன. ஈயத்துக்கு அமெரிக்காவில் கடுமையான வரம்பு விதித்த சட்டம் அடுத்த ஆண்டுதான் வந்தது. பொம்மையின் முதுகிலும் வீட்டின் அடியிலும் பிளாஸ்டிக்கில் பொறித்திருக்கும் ஆண்டை நம்பி முடிவு செய்யக் கூடாது. அது அச்சு உருவான ஆண்டு. 1966 என்று முதுகில் பொறித்த பார்பிகள் 1990களிலும் செய்யப்பட்டிருக்கின்றன. பெட்டி கிடைத்தால் அதில் உள்ள மாடல் எண்ணை எடுத்து, அமெரிக்க நுகர்பொருள் பாதுகாப்பு ஆணையம் பொதுமக்களுக்குத் திறந்து வைத்திருக்கும் திரும்பப் பெறப்பட்ட பொருள்களின் பட்டியலில் தேடலாம். பெட்டி இல்லை என்றால், சாயம் பூசிய சாமான்களையும் காந்தம் பதித்த சாமான்களையும் தனியே எடுத்துவிட்டு, வீட்டை மட்டும் குழந்தையிடம் கொடுங்கள்.